உள்ளே போனவளின் கணக்கு

"ராஜா ராணி கதை. அதுவும் வெள்ளக்காரன் எழுதுனது. அதுல ரெண்டு பொம்பளைங்க காதல். சேரியில தண்ணி வரல, நமக்கு எதுக்குங்க இதெல்லாம்?"

ஒரு வாசிப்புக் கூட்டத்தில் நான் பேசி முடித்ததும் எழுந்த முதல் கேள்வி இது. கேட்டவர் நம்மவர், இருபது வருசமா இயக்கத்தில் இருப்பவர். பாதிப் பேர் சிரித்தார்கள். அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை, நாக்கு ஒட்டிக்கொண்டது. ராத்திரி பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. எனக்கு எப்பவும் அப்படித்தான். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன். தோழர் படித்துவிட்டுத் திட்டட்டும்.

நாவலின் பெயர் 'த ட்ரெய்ட்டர் பாரு கார்மோரண்ட்'. துரோகி பாரு கார்மோரண்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். கார்மோரண்ட் என்றால் நம்ம ஏரிக்கரையில் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அந்த நீர்க்காகம். எழுதியவர் செத் டிக்கின்சன் என்னும் அமெரிக்கர். 2011இல் ஒரு சிறுகதையாக வந்தது, 2015இல் நாவலாக விரிந்தது. 2018இலும் 2020இலும் அடுத்தடுத்த பாகங்கள் வந்தன. நான் பேசுவது முதல் பாகத்தை வைத்துத்தான்.

டாரனோக் என்று ஒரு தீவு. பாருவுக்கு ஒரு அம்மா, இரண்டு அப்பா. அந்தத் தீவில் அது ஒரு சேதியே இல்லை. அங்கே குடும்பம் என்றால் அப்படியும் இருக்கும். ஃபால்க்ரெஸ்ட் என்கிற பேரரசின் கப்பல்கள் வியாபாரம் பேச வருகின்றன. அதிகாரிகள் முகமூடி போட்டிருப்பதால் அந்த அரசுக்கே முகமூடி என்று பெயர் விழுந்துவிட்டது. சண்டை போட்டுப் பிடிப்பதற்கு முன்னாலேயே காகித நோட்டு வருகிறது, சோப்பு வருகிறது, பள்ளிக்கூடம் வருகிறது. கொள்ளைநோயும் அவர்களோடு வந்தது, அதற்கான ஊசியும் அவர்கள் கையிலேயே இருந்தது. தீவுக்குப் பெயரையே மாற்றிவிடுகிறார்கள். அப்பாக்களில் ஒருவரான சால்ம், ஆணோடு வாழ்ந்த குற்றத்துக்காகக் காணாமல் போகிறார். அந்தச் சின்னப் பெண் அவர்கள் நடத்தும் பள்ளிக்கூடத்திலேயே சேருகிறாள். கெய்ர்டைன் ஃபாரியர் என்று ஒரு வியாபாரி அவள் புத்தியைப் பார்த்து உதவுகிறார். இவர்களை ஈட்டியால் நிறுத்த முடியாது, உள்ளே போய்த்தான் பிடிக்க வேண்டும் என்று அவள் மனசுக்குள் கணக்குப் போடுகிறாள். பரீட்சை எழுதுகிறாள். வாள் தூக்குகிற வேலை கிடைக்கவில்லை, தலைநகரத்தில் உத்தியோகமும் கிடைக்கவில்லை. ஆர்ட்வின் என்னும், பதிமூன்று சிற்றரசுகளாக உடைந்து கிடக்கிற ஒரு குளிர்தேசத்துக்கு அரசாங்கக் கணக்கராக அனுப்புகிறார்கள்.

கணக்கர்! இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் முப்பது வருசம் கருவூலத்தில் குப்பை கொட்டியவள். அரண்மனைச் சதி, ஒற்று என்றால் நமக்கு என்ன பழக்கம்? குதிரை, முக்காடு, சுரங்க வழி, நள்ளிரவில் ஓடம். கல்கி 1950இலிருந்து 1954 வரை தொடராக எழுதிய பொன்னியின் செல்வன்தான் தமிழனுக்கு அரண்மனை. 2022இலும் 2023இலும் சினிமாவாகவும் பார்த்தாயிற்று. அதில் முதன் மந்திரி பிரம்மராயர், அவருடைய ஒற்றன் ஆழ்வார்க்கடியான் நம்பி. ஒற்று வேலைகூட அக்கிரகாரத்துக்கு வெளியே போகவில்லை, பாருங்கள். அத்தனை ஆயிரம் பக்கத்தில் ஒரு சேரி வந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், ஊர் ஊராக வரி நீக்கிய நிலத்தைக் கழித்து எழுதுகிற கணக்கில், பறைச்சேரியும் வருகிறது, தீண்டாச்சேரியும் வருகிறது. கணக்கு எழுதினவன் கண்ணில் பட்டது கதை எழுதினவர் கண்ணில் படவில்லை. இதை ஒரு நகைச்சுவையாகச் சொல்லவில்லை. அதிகாரம் யாரை எங்கே வைத்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கதையை விடக் கணக்கைத்தான் நோண்ட வேண்டும். டிக்கின்சனின் நாவல் அதைச் செய்கிறது. அதனால் அது ராஜா ராணி கதையில்லை தோழரே, வரி, வட்டி, நோட்டு, வங்கி இவற்றின் கதை.

ஆர்ட்வின் சிற்றரசர்கள் கலகத்துக்குத் தயாராகிறார்கள். டைன் ஹூ என்னும் சிற்றரசி, காட்டு நாட்டுக்காரி, கள்ள நோட்டு அடித்து வங்கியிலிருந்து தங்கத்தை உருவப் பார்க்கிறாள். பாரு லெட்ஜரைப் புரட்டியே அதைக் கண்டுபிடிக்கிறாள். பிடித்ததும் என்ன செய்கிறாள்? படை அனுப்பவில்லை. நோட்டைக் கணக்குவழக்கில்லாமல் வெளியே விடுகிறாள். நோட்டு செல்லாக்காசாகிறது. சிற்றரசர்கள் சேர்த்து வைத்ததெல்லாம் குப்பை. ஒரு துளி ரத்தமில்லாமல் கலகம் அடங்கியது என்று முகமூடிகள் மெச்சுகிறார்கள். நாவலைப் புகழ்கிறவர்களும் இந்த இடத்தைத்தான் 'என்ன புத்திசாலித்தனம்' என்று கொண்டாடுகிறார்கள்.

ரத்தம் சிந்தவில்லையா? கூலிக்காரன் வீட்டில் அந்த நோட்டுதானே அரிசி? 2016 நவம்பர் 8 ராத்திரி எட்டு மணிக்கு ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்றபோது முதலில் வேலை இழந்தது யார் என்று நமக்குத் தெரியாதா? சித்தாள் வேலைக்குப் போனவளைக் கேட்டுப் பாருங்கள். இந்த இடத்தில் எனக்கு பாபாசாகேப்தான் நினைவுக்கு வந்தார். அவரைச் சட்ட மேதை என்று சிலை வைத்து நிறுத்திவிட்டோம். அவர் முதலில் பொருளாதாரம் படித்தவர். 1923இல் லண்டனில் வெளியான ரூபாயின் சிக்கல் பற்றிய நூல் அவருடையது. நாணயத்தை வெளியிடுகிற கைக்கு வரம்பே இல்லாமல் போனால் அது எவன் தலையில் விடியும் என்பதுதான் அதில் அவருடைய கவலை. நாணய வெளியீட்டுக்கு ஒரு எல்லை கட்டு, ஆட்சியாளனின் இஷ்டத்துக்கு விடாதே என்று வாதாடினார். 1925இல் வந்த ராயல் கமிஷன் முன்னாலும் போய்ப் பேசினார். விலை ஏறினால் வியாபாரிக்கு வருகிற லாபம் கூலிக்காரன் வயிற்றிலிருந்து எடுத்தது என்பது அவருடைய நிலை. பாரு செய்த வேலையை பாபாசாகேப் படித்திருந்தால் 'புத்திசாலித்தனம்' என்று சொல்லியிருக்க மாட்டார், யார் கணக்கில் பற்று எழுதியிருக்கிறாய் என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்வியை நாவலும் கேட்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். பின்னால் பாருவே தான் செய்த பஞ்சத்தைப் பார்க்கிறாள். ஆனால் கொண்டாடுகிறவர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சரி, ரெண்டு பொம்பளைங்க காதலுக்கு வருவோம். தோழர் அதைச் சொன்னபோதுதான் சிரிப்பு அதிகம் வந்தது.

பாருவுக்குப் பெண்கள் மீதுதான் ஆசை. முகமூடி அரசில் அது நோய், குற்றம், இரண்டும். ஆணோடு போன ஆணுக்குச் சூட்டுக்கோல், பெண்ணோடு போன பெண்ணுக்குக் கத்தி. அதற்குச் சுகாதாரம் என்று பெயர். பாவம் என்று சொல்லவில்லை, கவனியுங்கள், அசுத்தம் என்கிறார்கள். அந்த வார்த்தை நமக்குப் புதுசா? ரத்தத்துக்கு அட்டவணை போட்டு எந்த இனம் எந்த இனத்தோடு கலக்கலாம், யார் யாரைக் கட்டலாம் என்று தீர்மானிக்கிறது அந்த அரசு. அதற்கென்று ஆர்ட்வினில் ஒரு தலைமை நீதிபதி, சாட்டே யாவா என்று ஒரு அம்மா. பெண்கள் அங்கே ஒடுங்கிக் கிடப்பதில்லை. கப்பலோட்டலாம், கணக்கில் பெண்தான் கெட்டி என்று அரசாங்கமே சொல்லும். ஆனால் அட்டவணைக்கு வெளியே ஆசைப்படக் கூடாது.

1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் ஒரு கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. சாதி என்றால் என்ன என்பதற்கு அவர் சொன்ன பதில் அகமணம். சாதிக்குள்ளேயே கட்டு, வெளியே போகாதே. அதைக் காப்பாற்றத்தான் உடன்கட்டை, அதற்குத்தான் விதவைக் கோலம், அதற்குத்தான் குழந்தைக் கல்யாணம். மிஞ்சிப் போன பெண்ணை என்ன செய்வது, மிஞ்சிப் போன ஆணை என்ன செய்வது என்பதுதான் சாதியின் கவலை என்று எழுதினார். இதைப் படித்த பிறகும் 'ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் என்பதெல்லாம் மேல்தட்டுப் பிரச்சனை' என்று நம்மவர் சொன்னால், அவர் அந்தக் கட்டுரையைப் படத்துக்கு மாலை போடுவதுபோலத்தான் படித்திருக்கிறார். யார் யாரோடு படுப்பது என்பதைக் காவல் காக்காமல் சாதி ஒருநாள்கூட நிற்காது. அந்தக் காவல்காரன்தான் 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டினான். அதே காவல்காரன்தான் கல்யாணம் வேண்டாம் என்கிற பையனையும் பெண்ணையும் வீட்டுக்குள் பூட்டுகிறான். ஒருத்தனை ஒழித்துவிட்டு இன்னொருத்தனை வைத்துக்கொள்ளலாம் என்றால் எப்படி?

இந்த இடத்தில் அடுத்த தரப்பையும் ஒரு பிடி பிடித்துவிடுகிறேன். சென்னையில் இங்கிலீசில் கூட்டம் போட்டு இதே நாவலைப் புகழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்றிரண்டு கூட்டத்துக்கு நானும் போயிருக்கிறேன். 1860ஆம் வருசத்துச் சட்டத்தின் 377ஆவது பிரிவை வெள்ளைக்காரன் கொண்டுவந்தான், அதற்கு முன்னால் நம் நாடு சுதந்திரமாக இருந்தது, கஜுராஹோவைப் பார், கோயில் சிற்பத்தைப் பார் என்பார்கள். சட்டம் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதான். 1871ஆம் வருசத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதியில் அரவாணிகளைப் பதிவேட்டில் ஏற்றியதும் அவன்தான். ஆனால் அந்தச் சிற்பம் இருக்கிற கோயிலுக்குள் என் பாட்டியை விட்டிருப்பார்களா? மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்மவர்கள் நுழையவே 1939 ஆனது. வாசலுக்கு வெளியே நின்றவளுக்கு உள்ளே இருக்கிற சிற்பத்தின் சுதந்திரம் என்ன ஆயிற்று? டாரனோக் தீவைக் காட்டி 'எங்கள் பூர்வீகமும் இப்படித்தான்' என்று சொல்ல இவர்களுக்குக் கூசவில்லை. டாரனோக்கில் இரண்டு அப்பா இருந்தார்கள், தீண்டாச்சேரி இருந்ததாக நாவலில் இல்லை. இவர்கள் பூர்வீகத்தில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியும்.

அதே கூட்டத்தில் இன்னொரு புகாரும் கேட்டேன். இந்த மாதிரிக் கதைகளில் கடைசியில் ஓரினக் காதலர்களையே சாகடிக்கிறார்கள், சந்தோசமாக வாழ விடுவதில்லை என்பது. அந்தப் புகாரில் நியாயம் உண்டு. நம்ம கதைகளிலும் சேரிப் பெண் கடைசியில் கிணற்றில்தானே மிதந்தாள், எத்தனை காலம்! ஆனால் அந்தப் புகாரோடு நின்றுவிட்டால் டைன் ஹூ ஏன் செத்தாள் என்கிற கேள்வி விழுந்துவிடுகிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் எனக்கு இந்தப் புத்தகம் எப்படிக் கிடைத்தது என்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதெல்லாம் பொய்.

கொடுத்தவன் என் அண்ணன் மகன். 2016இல் அவனுக்கு இருபது வயசு. பெண் பார்க்கலாமா என்று பேச்சு எடுத்தபோது, வேண்டாம், எனக்குப் பையன்கள் மேலதான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான். வீடு இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "நம்ம குடும்பத்துல படிச்சவ நீ ஒருத்திதான். நாங்க போனா டாக்டரு மதிக்கமாட்டாரு. நீ கூட்டிக்கினு போம்மா." நான் போனேன். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். பக்கத்து டவுனில் ஒரு மனநல டாக்டர். பேர் வேண்டாம். "சரிபண்ணிடலாம், பயப்படாதீங்க" என்றார். மாத்திரை எழுதினார், வாராவாரம் வரச் சொன்னார். ஃபீஸ் நான்தான் கட்டினேன், ரசீதும் வாங்கினேன், அந்தப் பழக்கம் போகாது இல்லையா. மூன்று மாசம் அந்தப் பிள்ளை தூங்கித் தூங்கி வழிந்தான். காலேஜ் ஒரு வருசம் போச்சு. எதிரில் உட்கார்ந்து என்னையே பார்ப்பான். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 377ஐத் தளர்த்தியது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி மருத்துவம் என்ற பெயரில் 'மாற்றுகிற' வேலையையே தடுத்து உத்தரவு போட்டது. பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு நான் ஆபீசில் ஒரு பில்லும் பாஸ் பண்ணவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் ஒரு பொங்கலுக்கு வந்தவன் இந்தப் புத்தகத்தை என்னிடம் நீட்டினான். "அத்தை, இதுல ஒங்கள மாதிரி ஒரு கணக்குக்காரி வர்றா. படிங்க."

என்ன அர்த்தத்தில் சொன்னான் என்று அப்போது புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் பாருவின் உறவுக்காரப் பெண் லாவோவைச் 'சரிசெய்ய' ஒரு சுகாதார ஆசிரியர் கூப்பிடுகிற கட்டம் வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் மறுபடி திறந்தேன். அதனால்தான் தோழரே, நமக்கு எதுக்கு என்று நீங்கள் கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. சேரியில் இந்தப் பிள்ளைகள் இல்லை என்று யார் சொன்னது? ஊருக்குள் சாதிக்காரன் அடிக்கிறான், வீட்டுக்குள் நாம் அடிக்கிறோம்.

இனி டைன் ஹூ. நோட்டை ஒழித்த பாரு பிறகு கட்சி மாறுகிறாள், அல்லது மாறியதாகக் காட்டுகிறாள். வங்கித் தங்கத்தை நேராகக் குடியானவர்களுக்குக் கடனாகக் கொடுக்கிறாள். வரிப் படிவத்தில் ஒரு புது வரி சேர்க்கிறாள். வரி கட்டுகிறவர் தன் பணத்தில் ஒரு சிறு பங்கு யாருக்குப் போகலாம் என்று எழுதலாம். சாதாரணக் கட்டம்தான். ஆனால் எந்த ஊர் எந்தத் தலைவன் பின்னால் நிற்கிறது என்று அதிலிருந்து படிக்கலாம். பாமர ஜனம் அவள் பெயரையே எழுதிக்கொடுக்கிறது. ஒரு ஃபாரம் எத்தனை பெரிய ஒற்றன் என்பதை இத்தனை தெளிவாகக் காட்டிய கதையை நான் படித்ததில்லை. ஜனங்கள் அவளை நம்பி எழுந்து வருகிறார்கள். டைன் ஹூ அவளுக்குத் தளபதி ஆகிறாள், காதலியும் ஆகிறாள். கடைசிப் போரில் ஜெயித்த மறுநாளே பாரு எல்லாரையும் காட்டிக்கொடுக்கிறாள். கலகத்தை ஒரே இடத்தில் திரட்டி ஒப்படைப்பதுதான் முகமூடி அவளுக்குக் கொடுத்திருந்த வேலை. அதற்குக் கூலி, அரசை மறைவிலிருந்து ஆட்டிவைக்கிற சிலரில் தானும் ஒருத்தியாக ஆவது. அங்கே போனால்தான் என் தீவை விடுவிக்க முடியும் என்பது அவள் நியாயம்.

டைன் ஹூவைத் தப்பவைக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. அவளைப் பிடித்துக் கொண்டுவந்து பாருவின் முன்னால் நிறுத்துகிறார்கள். நீ கெஞ்சினால் இவளை உயிரோடு வைத்திருப்போம், அப்புறம் இவளைக் காட்டியே உன்னை ஆட்டுவோம் என்பதுதான் ஏற்பாடு. பாரு கெஞ்சவில்லை. டைன் ஹூவும் கெஞ்ச வேண்டாம் என்கிறாள், என்னைக் கொன்றுவிட்டுக் கயிறில்லாமல் போ என்கிறாள். கடல் ஏறி வரும்போது பாறையில் கட்டி மூழ்கடிக்கிறார்கள். பாரு நின்று பார்க்கிறாள்.

படித்துவிட்டு அழுதேன். மறைக்கவில்லை. அழுது முடித்த பிறகு கோபம் வந்தது.

ஒரு உயிரைப் பணயம் வைத்துக் கையெழுத்து வாங்குவது நமக்கு நடந்ததில்லையா? 1932 செப்டம்பர், எரவாடா சிறை. தனி வாக்காளர் தொகுதி கூடாது என்று காந்தி சாகும்வரை உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அவர் செத்திருந்தால் ஊர் ஊராக நம்ம சேரிகள் எரிந்திருக்கும். பாபாசாகேப் செப்டம்பர் 24 அன்று கையெழுத்துப் போட்டார். அந்த ஒப்பந்தம் நமக்குச் செய்த கேட்டை அவரே பின்னால் பக்கம் பக்கமாக எழுதினார். தோற்றுப் போன கையெழுத்து அது. ஆனாலும் போட்டார். கயிறு கழுத்தில் விழும் என்று தெரிந்தே போட்டார், ஏனென்றால் மறுமுனையில் இருந்தது பெயர் தெரியாத லட்சம் பேருடைய உயிர். பாரு போடவில்லை. போடாததைத்தான் இந்த நாவல் உச்சமாக வைக்கிறது. கயிறில்லாதவள் ஆகிவிட்டாளாம். எல்லாரையும் பலிகொடுத்து, காதலியையும் பலிகொடுத்து, இழக்க ஒன்றுமில்லாமல் நிற்கிற உத்தியோகஸ்தனை விட எந்த அரசாங்கத்துக்கு நல்ல வேலையாள் கிடைப்பான்? அது விடுதலை என்றால் என் ஆபீசில் அப்படி விடுதலையான ஆட்கள் நிறையப் பேர் உண்டு. ஊர்ப் பேரைச் சொல்லமாட்டார்கள், கல்யாணத்துக்கு சொந்தக்காரனைக் கூப்பிடமாட்டார்கள், நம்ம ஆளு பில் வந்தால் இன்னும் இரண்டு அப்ஜெக்‌ஷன் கூடப் போடுவார்கள்.

டிக்கின்சன் இதை அறியாமல் எழுதியதாகச் சொல்லவில்லை. தலைப்பிலேயே துரோகி என்று வைத்திருக்கிறார். அவள் தலையில் அடிபட்டு உலகத்தில் ஒரு பாதி அவள் புத்திக்குத் தெரியாமலே போய்விடுகிறது, அதையும் எழுதியிருக்கிறார். என் புகார் வேறு. கடைசி அத்தியாயங்களில் பார்வை பாருவின் முகத்தை விட்டு நகரமாட்டேன் என்கிறது. வரிப் படிவத்தில் அவள் பெயரை எழுதிக் கொடுத்தார்களே, அந்தக் குடியானவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களுக்கு எத்தனை பக்கம்? அவர்கள் சாவு செலவுக் கணக்கில் ஒரே வரி, டைன் ஹூவின் சாவு காவியம். சிற்றரசிக்குத்தான் காவியச் சாவு கிடைக்கும் போலிருக்கிறது. ஓரினக் காதலை உள்ளே விட்ட இந்த அரண்மனையிலும் சேரிக்கு வாசல் கொல்லைப்பக்கம்தான்.

"அப்படியில்ல அத்தை" என்றான் என் அண்ணன் மகன். போனில் ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். "அவ உள்ள போகலன்னா வெளிய நின்னு செத்திருப்பா. நீங்க மட்டும் ஏன் கவர்மெண்ட்டுக்குப் போனீங்க?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. பாபாசாகேப்பும் உள்ளே போனவர்தான். பரோடா மன்னர் பணத்தில் படித்து, 1917இல் அங்கேயே உத்தியோகத்துக்குப் போனார். பியூன்கள் ஃபைலை அவர் மேசையில் தூக்கி எறிந்தார்கள், தங்க இடமில்லாமல் பார்சி சத்திரத்தில் பொய்ப் பெயரில் தங்கினார், தடியோடு வந்து துரத்தினார்கள். 1942இல் வைசிராய் கவுன்சிலுக்குள் போனார், 1947இல் மந்திரி சபைக்குள் போனார். 1951இல் இந்து சட்டத் தொகுப்பைக் கிடப்பில் போட்டபோது ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். நுழைவுச் சீட்டுக்கு விலையாக நம்மில் ஒருத்தரைக்கூட அவர் கொடுத்ததில்லை. உள்ளே போவதைப் பற்றி நான் சண்டை போடவில்லை, என்ன கொடுத்து உள்ளே போனாய் என்பதுதான் சண்டை என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க என்ன குடுத்தீங்க அத்தை?" என்றான்.

அந்த டாக்டர் ரசீது இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அவனிடம் சொன்னேன். "கிழிச்சிப் போடுங்க" என்றான். கிழிக்கவில்லை.

தண்ணி வரவில்லை என்ற தோழருக்கு ஒரு பாக்கி வைத்திருக்கிறேன். சேரிக்கென்று தனியாக ஒதுக்குகிற சிறப்பு உட்கூறுத் திட்டம் 1979-80 வாக்கில் வந்தது. நம்ம மக்கள்தொகைக்குத் தக்கபடி பணம் ஒதுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பணத்தில் பல நூறு கோடியை 2010இல் தில்லி காமன்வெல்த் விளையாட்டுக்குத் திருப்பிவிட்டார்கள், நாடாளுமன்றத்திலேயே ஒத்துக்கொண்டார்கள். ஒரு வாள் உருவப்படவில்லை. செலவினத் தலைப்பை மாற்றி ஒரு வரி எழுதினால் போதும். மார்ச் 31 நெருங்கும்போது செலவாகாத நம்ம பணம் எப்படி ஒப்படைப்பு ஆகிறது என்று முப்பது வருசம் பார்த்தவள் நான். அதில் சில தாள்களில் என் இனிஷியலும் இருக்கிறது. குழாயில் தண்ணி ஏன் வரவில்லை என்று பாருவைக் கேட்டால் ஒரு நிமிசத்தில் லெட்ஜரில் காட்டுவாள்.

அடுத்த கூட்டத்துக்கும் தோழர் வருவார் என்று சொன்னார்கள். புத்தகம் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். இங்கிலீசு கஷ்டம் என்றால் வாரம் ஒரு அத்தியாயமாக நானே தமிழில் சொல்கிறேன், டீ அவர் செலவு. என் அண்ணன் மகனும் அன்றைக்கு வருகிறான். கூட யாரையோ கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றான். சிரிக்கிறவர்கள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சிரிக்கட்டும்.